மேகத்தைப் பிறை என்று சொன்னேன்

பார்க்காத ஒன்றைப் பார்த்தேன் என்று சொல்லி, ஊரையே ஒரு நோன்பை விட வைத்தவன் நான். சகோதரர்களே, அதிலிருந்து அல்லாஹ் என்னை மீட்ட விதத்தை மறைக்காமல் சொல்கிறேன்.

ஆந்திரா தனியாகப் பிரிந்ததற்கு அடுத்த வருஷம். கத்திரி வெயிலில் வந்த ரமலான். கடப்பாக்கத்தில் எனக்குத் தையல் கடை. இருபத்தொன்பதாம் நோன்பு திறந்ததும் எல்லோரும் பள்ளிவாசலுக்கு வெளியே நின்று மேற்கே பார்த்தோம். பனைமரங்களுக்கு மேல் மேகம் கிழிந்து கிடந்தது. என் மனைவியின் தம்பி காசிம் பக்கத்தில் நின்றான்.

"இன்னா மச்சான், எதுனா தெரியுதா?"

ஒரு மேகத்தின் ஓரம் வெளிச்சமாக வளைந்திருந்தது. "அதோ கீது பாரு, ரெட்டைப் பனைக்கு மேல," என்றேன்.

"ஆமா மச்சான், பாத்துட்டேன்."

பெருநாள் பிறைக்கு இரண்டு சாட்சி வேண்டும். இமாம் ஹஜ்ரத் எங்களைக் கூப்பிட்டு, "ரெண்டு பேரும் கண்ணால பாத்தீங்களா?" என்று கேட்டார். பார்த்தோம் என்றோம். உடனே "அல்லாஹு அக்பர்" என்று தக்பீர் முழங்கியது.

மறுநாள் பெருநாள் தொழுதோம், பிரியாணி சாப்பிட்டோம். அந்தி மஃரிப் தொழுகைக்குப் பிறகு வெளியே வந்தால் வானம் துடைத்துவிட்டது போல் இருந்தது. அடிவானத்தை ஒட்டி நூலிழையாக ஒரு பிறை, கொஞ்ச நேரத்தில் மறைந்தும் போனது. நேற்றே பிறை தெரிந்திருந்தால் இது இரண்டாம் பிறை; அது அப்படி இருக்காது. நோன்பு வைக்க வேண்டிய நாளில் ஊரைச் சாப்பிட வைத்திருக்கிறேன்.

"இன்னாபா, இவ்ளோ மெலிசா கீது?" என்றார் ஒருவர்.

"சில மாசம் அப்டித்தான்," என்று மழுப்பினேன்.

அன்றிலிருந்து கை ஓடவில்லை. வெட்டிய காலரெல்லாம் கோணல். யார் கடைப்படி ஏறினாலும் இதைக் கேட்கத்தான் வருகிறார் என்று தோன்றும். யாரும் கேட்கவில்லை. அது இன்னும் பயமாக இருந்தது.

ஐந்து வேளையும் கையேந்தினேன். என்ன கேட்டேன் தெரியுமா? "யா அல்லாஹ், நான் பார்த்தது பிறையாகவே இருக்கட்டும்." நடந்து முடிந்ததை மாற்றித் தரச் சொல்லி, படைத்தவனிடமே பேரம் பேசியிருக்கிறேன். மனசு அடங்கவே இல்லை. ஒரு வியாழக்கிழமை அஸர் தொழுகையில், நெற்றியைத் தரையில் வைத்து சஜ்தாவில் கிடந்தபோது வேறு துஆ வந்தது. "ரப்பே, அன்னிக்கு என் மனசுல இன்னா இருந்துச்சுன்னு எனக்குக் காட்டு."

கடைக்கு வந்து ஊசியில் நூல் கோக்கப் போனேன். நாலு தடவை தவறியது. அப்போதுதான் உறைத்தது. ஒரு வருஷமாகவே ஊசிக்காது எனக்கு மங்கல். வீட்டில்கூடச் சொல்லவில்லை. பார்வை போன தையல்காரனிடம் யார் துணி கொடுப்பார்கள்? நோன்பில் பசித்த ஊர்ப் பிள்ளைகளுக்காகத்தான் பிறையென்று அவசரப்பட்டேன் என்று இத்தனை நாளும் எனக்கே கதை சொல்லியிருந்தேன். அது பொய். என் கண் நன்றாகத்தான் இருக்கிறது என்று ஊருக்குக் காட்டத் துடித்தேன், அவ்வளவுதான்.

மறுநாள் ஜும்ஆ தொழுகை முடிந்ததும் எழுந்து நின்றேன். கண் மங்கலையும் சேர்த்து எல்லாவற்றையும் சொன்னேன். பின்வரிசையில் காசிம் எழுந்தான்.

"நானும் பாக்கல. மச்சான் சொன்னா சரியாத்தான் இருக்கும்னு சொல்லிட்டேன்."

சிலர் முறைத்தார்கள். ஹஜ்ரத் மட்டும் நிதானமாக, "விட்ட நோன்பைத் திங்கக்கெழம எல்லாரும் வச்சிடுவோம். நானும் இன்னும் ரெண்டு கேள்வி கேட்டிருக்கணும்," என்றார்.

அந்தத் திங்களன்று ஊரே என்னால் பசித்திருந்தது. நோன்பு திறக்கும்போது, என்னை முறைத்தவர்களில் ஒருவர் கஞ்சிக் கிண்ணத்தை என் பக்கம் நகர்த்தி வைத்தார். நான் அழுதுவிட்டேன். பிறகு செங்கல்பட்டுக்குப் போய்க் கண்ணாடி போட்டுக்கொண்டேன். அல்ஹம்துலில்லாஹ், துணி வருவது குறையவில்லை.

உங்கள் மனசில் இருப்பது உங்களுக்கே பிடிபடாதபோது அவனிடம் கேளுங்கள். காட்டுவான். பார்க்கப் பயமாகத்தான் இருக்கும், ஆனால் கைவிட மாட்டான்.

அடுத்த ரமலான், அதே இருபத்தொன்பது, அதே மேகம். நான் பின்னால் ஒதுங்கி நின்றேன். ஹஜ்ரத் தேடி வந்து என்னைத்தான் முதலில் கேட்டார்.

வெகுநேரம் பார்த்துவிட்டு, "மேகம்தான் கீது ஹஜ்ரத்," என்றேன்.

அவர் வேறு யாரையும் கேட்கவில்லை. மறுநாளும் நோன்பு வைத்தோம்.