அண்ணனின் ஊருக்கு நான் காவல்

புளத்கொகுபிட்டிய கடைவீதியில் நவ்சாத் நானா வைத்திருந்த "கொமினிகேசன்" கடைக்குள் காலெடுத்து வைத்ததும் முதலில் மூக்கில் ஏறுவது சூடேறிய பிளாஸ்டிக்கின் மணம், அதற்கு அடியில் போட்டோகொப்பி மெஷினின் மைவாடை, அதற்கும் அடியில் எவ்வளவு சோப்புப் போட்டுத் தோய்த்தாலும் என் பள்ளிச் சீருடையை விட்டுப் போகாத ரப்பர் பாலின் புளித்த வாடை. அப்பா பால்வெட்டுக்காரர், அம்மாவுக்கும் அதே மலையில்தான் வேலை, ஆகையால் தோட்டத்து லயத்து வரிசை வீடுகளில் எங்களுக்கு இருந்த ஒற்றை அறையான "காம்பரா"வில் கொடியில் காயும் எல்லாத் துணியிலும் அந்த வாடை ஏறிவிடும். பக்கத்தில் உட்காருபவர் மூக்கைச் சுளிப்பாரோ என்ற கூச்சத்தில் நான் எப்போதும் சுவரோரமாக இருந்த கணினியைத்தான் பிடிப்பேன். யுத்தம் முடிவதற்கு முந்தைய வருடம் அது, எனக்குப் பதினான்கு வயது. அந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு நான் இரண்டு ஊர்களைப் பார்த்துக்கொண்டேன். ஒன்று என்னுடையது, மற்றது என் அண்ணன் மோகனுடையது.

ஊர் என்றால் இணையத்தில் விளையாடும் ஊர். வெறும் தரையில் ஆரம்பித்து, வயல் போட்டு, களிமண் எடுத்து, மதில் எழுப்பி, சிப்பாய்களைச் சேர்த்து, கொள்ளையடிக்க வருகிறவர்களிடமிருந்து காப்பாற்ற வேண்டும். ஆடுகிறவர்கள் உலகமெங்கும் இருந்தார்கள். அண்ணன் உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு நானாவின் கடையில் கலியாண அழைப்புகளும் மரண அறிவித்தல்களும் தமிழில் தட்டச்சு செய்துகொண்டிருந்த காலத்தில் அதைக் கற்றுக்கொண்டான். எனக்கும் ஒரு ஊர் தொடங்கிக் கொடுத்தான்.

அந்த விளையாட்டுக்குக் கறாரான விதிகள் இருந்தன. ஓர் ஆளுக்கு ஓர் ஊர்தான், கள்ளப் பெயரில் இன்னொன்று கட்டினால் இரண்டையும் பூட்டிவிடுவார்கள். ஆனால் சொந்தக்காரர் வெளியே போக நேர்ந்தால், இன்னொரு ஆட்டக்காரரைத் தன் ஊருக்குக் காவலாக வைக்கலாம். காவலிருப்பவர் தன் ஊரையும் அந்த ஊரையும் ஒரே நேரத்தில் திறந்து வைத்து விளையாடலாம், கட்டலாம், காக்கலாம். ஒன்றிலிருந்து மற்றதற்கு ஒரு மூட்டை கோதுமைகூடப் போகக் கூடாது. சொந்தக்காரரின் கடவுச்சொல்லைப் போட்டு அவராக உள்ளே நுழையவும் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, சொந்தக்காரர் நெடுநாள் தானே வந்து எட்டிப் பார்க்காவிட்டால் ஊர் அழிந்துவிடும். காவல் இருந்தாலும் அழிந்துவிடும்.

கொழும்பில் ஓர் இரும்புக் கடையில் வேலை கிடைத்து அண்ணன் புறப்பட்டபோது என்னைக் காவலாக வைத்தான். "தங்கச்சி, விதி எல்லாத்தையும் ஒழுங்கா வாசிச்சுக்க. பூட்டிட்டாங்கன்னா பொறகு யார் கால்ல விழுந்தாலும் தொறக்க மாட்டாங்க" என்றான். ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே ஏதோ ஒரு நெட் கடைக்குப் போய் அவன் எட்டிப் பார்ப்பான். மற்ற நாட்களில் பள்ளிக்கூடம் விட்டு எங்கள் தோட்டத்து பஸ் வரும்வரை உள்ள இடைவெளியில் நான் இரண்டு ஊரையும் பார்ப்பேன். அவன் விட்டுப்போன தமிழ்த் தட்டச்சு வேலையை நான் செய்து கொடுத்ததால் நானா என்னைக் கணினியில் இருக்க விட்டார்.

அந்தச் செய்தி வந்ததும் நானாவின் கடைக்குத்தான். எங்கள் மலையில் எந்தப் போனுக்கும் சிக்னல் கிடையாது என்பதால் அண்ணனின் முதலாளி அங்கே அழைத்திருந்தார். ரிசீவரை வைத்துவிட்டு நானா என் நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து நின்றார். அவர்கள் பேச்சில் அண்ணனைச் சொல்வதும் நானா என்றுதான்.

"தங்கச்சி, பயப்பட வாணாம். பொலிஸ் ரவுண்டப்ல ஐடென்டி பாத்து ஒங்கட நானாவக் கூட்டிக்கொண்டு போயீக்கிறாங்களாம். அந்த லொட்ஜ்ல இருந்த எல்லாரையுந்தான். வெசாரிச்சிட்டு விட்டுடுவாங்க. ஊட்டுக்குப் போய் அப்பாகிட்ட மட்டும் செல்லுங்க."

நான் எழுந்துகொள்ளவில்லை. அண்ணன் ஊரின் மதிலுக்கு இன்னொரு வரிசை கட்டச் சொல்லி உத்தரவு கொடுத்தேன், பிறகுதான் திரையிலிருந்த ஜன்னல்களை மூடினேன். கை தன் பாட்டுக்குச் செய்தது.

அப்பா தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவரைக் கூட்டிக்கொண்டு கொழும்புக்குப் போனார். அண்ணன் இருந்த அறையில் அவனுக்கு முன்பு தங்கியிருந்த யாரையோ தேடி வந்தவர்கள், இருந்தவனைக் கொண்டுபோயிருக்கிறார்கள். கொண்டுபோன சோற்றுப் பொட்டலத்தைக்கூட அப்பாவால் அவன் கையில் கொடுக்க முடியவில்லை. திரும்பி வந்து சட்டையைக் கழற்றாமல் அடுப்படியில் உட்கார்ந்தார்.

"எல்லாம் சட்டப்படிதான் நடக்குதாம். விசாரணை முடிஞ்சா வுட்டுருவாங்களாம்."

"எப்ப முடியுமாம்?" என்று அம்மா கேட்டாள்.

"அத சொல்ல மாட்டேங்குறாங்க."

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் பேச்சு சுருங்கிப் போனது. காலையில் வேலைக்குப் பேர் பதியும் பிரட்டுக்களத்தில் யாராவது விசாரித்தால், "கொழும்புல வேலையா இருக்கான்" என்று சொல்லச் சொன்னாள் அம்மா. எனக்கு அவள் இட்ட கட்டளை இன்னும் கறாரானது: "ஸ்கூலு உண்டு, வீடு உண்டு. வேற எங்கயும் போகக் கூடாது. கோயிலுக்கும் வேணாம், தண்ணிக்குப் பீலிக்கும் தனியாப் போக வேணாம். சிங்களத்துல யாரும் எதுவும் கேட்டா, தெரியாதுன்னு சொல்லு." சிங்களம் எனக்குத் தமிழைப் போலவே வாயில் வரும், பக்கத்துச் சிங்களக் கிராமத்துப் பிள்ளைகளோடு விளையாடியே வளர்ந்தவள் நான். இனி அது தெரியாதவளாக நடிக்க வேண்டும். நவ்சாத் நானாவின் கடைக்கு மட்டும் அனுமதி கிடைத்தது, அங்கேதானே போன் வரும். ஆகவே பள்ளிக்கூடம் விட்டதும் அந்தச் சுவரோர நாற்காலி, பிறகு பஸ், பிறகு காம்பரா என்று என் உலகம் முடிந்துபோனது. பஸ்ஸில்கூட ஜன்னலோரம் உட்கார விடாமல் அம்மா யாராவது ஒரு தெரிந்த அக்காவோடு என்னை ஒட்ட வைத்துவிடுவாள்.

அப்போதுதான் நான் அந்த நேர்த்தியை வைத்தேன். கோயிலுக்குப் போக முடியாததால் கணினிக்கு முன்னாலேயே வைத்தேன். அண்ணனின் ஊரை ஒரு விதி பிசகாமல் காப்பேன், நான் இங்கே விதிப்படி நடந்தால் அங்கே அவர்களும் விதிப்படி நடந்து அவனை விட்டுவிடுவார்கள் என்று. பதினான்கு வயதில், அப்பா சொன்ன "சட்டப்படி" என்ற சொல்லைத் தவிர பிடித்துக்கொள்ள எனக்கு வேறு எதுவும் இருக்கவில்லை.

சில நாட்களில் அந்த நேர்த்தி என்னைச் சோதித்தது. அண்ணன் சேர்த்திருந்த சிப்பாய்கள் அதிகம், அவர்கள் தின்னும் கோதுமை வயலில் விளைவதைவிட அதிகம். அவன் இருந்திருந்தால் பாதிப் பேரைக் கலைத்து அனுப்பியிருப்பான், காவலிருப்பவருக்கு அந்த அதிகாரம் இல்லை. ஒரு நாள் திறந்து பார்க்கிறேன், களஞ்சியம் காலி, சிப்பாய்கள் பட்டினியால் சாகத் தொடங்கியிருக்கிறார்கள். பக்கத்து ஜன்னலில் என் ஊர்க் களஞ்சியம் நிரம்பி வழிகிறது. ஒரே திரை, ஒரே கை, ஆனாலும் இந்தக் களஞ்சியத்திலிருந்து அதற்கு ஒரு பிடி போகக் கூடாது. நான் ஆங்கில அகராதியை வைத்துக்கொண்டு எங்கள் கூட்டணியில் "கரடி" என்ற பெயரில் விளையாடிய யாரோ ஒரு வெளிநாட்டுக்காரருக்கு எழுதினேன்: அண்ணன் இல்லை, சாப்பாடு இல்லை, தயவுசெய்து அனுப்புங்கள். அவர் அனுப்பியது வந்து சேர்வதற்குள் குதிரைப்படை முழுவதும் செத்துவிட்டது. மிஞ்சியவர்கள் பிழைத்தார்கள். எழுத்துப் பிழையோடு நான் சொன்ன நன்றிக்கு அவர் ஒரு சிரிப்புப் படம் அனுப்பினார்.

இன்னொரு நாள் பக்கத்துக் கணினிக்கு வந்த சிங்களப் பையன் ஒருவன் என் திரையை எட்டிப் பார்த்தான். உயர்ந்த மதிலும் உள்ளே வரிசையாக வீடுகளுமாக அண்ணனின் ஊர் திறந்திருந்தது. "நங்கி, லஸ்ஸன கமக் நே?" என்றான். அழகான ஊர் இல்லையா, தங்கச்சி என்று கேட்கிறான். வாய்வரை வந்த பதிலை விழுங்கி, சிங்களம் தெரியாதவளைப் போல அவனைப் பார்த்தேன். அவன் தோளைக் குலுக்கிவிட்டுத் திரும்பிக்கொண்டான்.

போன் வரும் போதெல்லாம் நான் தட்டச்சை நிறுத்திவிடுவேன். நானா ரிசீவரை எடுத்ததும் என்னைப் பார்த்து இல்லையென்று தலையசைப்பார். மழைக்காலம் வந்து பால்வெட்டு நின்றது, அப்பா மறுபடியும் கொழும்புக்குப் போனார், மறுபடியும் அதே பதிலோடு வந்தார். இந்த முறை அண்ணனைத் தூரத்தில் பார்க்க விட்டார்களாம். "மெலிஞ்சிட்டான்" என்று மட்டும் சொன்னார்.

அண்ணனின் ஊருக்கு மேலே சிவப்பு எழுத்தில் எச்சரிக்கை வரத் தொடங்கியது. சொந்தக்காரர் வராவிட்டால் ஊர் நீக்கப்படும். விளையாட்டை நடத்துபவர்களுக்கு எழுதிப் பார்த்தேன். "என் அண்ணனைப் பொலிஸ் வைத்திருக்கிறது, அவன் ஒரு பிழையும் செய்யவில்லை, அவன் வரும்வரை பொறுங்கள்" என்பதை ஆங்கிலத்தில் எழுத நானாதான் உதவினார். பதில் மிக மரியாதையாக வந்தது. வருந்துகிறோம், விதிப்படி சொந்தக்காரர் மட்டுமே நீட்டிக்கலாம் என்றிருந்தது.

நானாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "ஒங்கட நானாட பாஸ்வேர்ட் ஒங்களுக்குத் தெரியும்தானே? போட்டு உள்ளுக்குப் போங்களே. யாரு பாக்கப் போற?"

தெரியும். அம்மாவின் பெயரும் எங்கள் லயத்தின் இலக்கமும்தான் அது. கடைசி நாளன்று அதைத் தட்டினேன். எழுத்துகள் கறுப்புப் புள்ளிகளாக வரிசையில் நின்றன. ஒரு சொடுக்கு போதும், ஊர் தப்பிவிடும். ஆனால் நான் அண்ணனாக உள்ளே போனால் அங்கே அவன் வெளியே வரமாட்டான் என்று பயந்தேன். புள்ளிகளை ஒவ்வொன்றாக அழித்தேன். நானா போய் போட்டோகொப்பி மெஷினைத் திறந்து மை நிரப்பத் தொடங்கினார். மறுநாள் அந்த இடத்தில் வெறும் புல்தரை இருந்தது.

அன்று போன் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. நான் என் பங்கைச் செய்துவிட்டேனே என்று யாரிடமோ சண்டை பிடித்துக்கொண்டு பஸ்ஸில் அழுதேன்.

அண்ணன் வந்தது அதற்குப் பல வாரங்கள் கழித்து, பட்டப்பகலில், யாருக்கும் சொல்லாமல். வந்தவன் காம்பராவை விட்டு வெளியே போகவில்லை, அம்மாவும் விடவில்லை. கதவைச் சாத்தினால் எழுந்து திறப்பான், திறந்து வைத்தால் யார் வருகிறார்கள் என்று பார்த்துக்கொண்டே இருப்பான். உள்ளே என்ன நடந்தது என்று யாரும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. ஊரைப் பற்றி எப்படிச் சொல்வது என்று தெரியாமல் நான் அவன் கண்ணில் படாமல் திரிந்தேன். ஒரு சனிக்கிழமை, அம்மாவும் அப்பாவும் மலைக்குப் போயிருந்த நேரம், அவனே கேட்டான்.

"ஊரு போயிருச்சா?"

"போயிருச்சு அண்ணே. பாஸ்வேர்ட் தெரிஞ்சும் நான் உள்ள போகல."

அவன் எழுந்து போய்க் கதவை இன்னும் அகலத் திறந்து வைத்தான். பிறகு, "மதிலு எது வரைக்கும் வந்திச்சு?" என்றான்.

சொன்னேன். குதிரைகள் செத்ததைச் சொன்னேன், கரடி கோதுமை அனுப்பியதைச் சொன்னேன். அவன் குறுக்கே கேள்வி கேட்டான். எந்த வயலை முதலில் பெரிதாக்கினாய், வடக்குப் பக்கத்துக்காரன் தாக்க வந்தானா, கோபுரம் கட்டினாயா. அவன் வந்ததிலிருந்து பேசிய பேச்செல்லாம் சேர்த்தாலும் அன்று பேசியதற்கு ஈடாகாது.

"நான் அங்கனக்குள்ள படுத்துக்கிட்டு நெனச்சுப் பாப்பேன்" என்றான். "இந்நேரம் தங்கச்சி ஸ்கூலு விட்டு நானா கடைக்கு வந்திருக்கும், இந்நேரம் தொறந்திருக்கும், மதிலக் கட்டியிருக்கும்னு. வேற எத நெனச்சாலும் அழுக வந்திரும். இது மட்டுந்தான் வராது."

மறுநாளும் கேட்டான். அதற்கடுத்த நாளும், முதலிலிருந்து சொல்லச் சொன்னான். இல்லாத அந்த ஊரை நான் எத்தனையோ முறை அவனுக்குக் கட்டிக் காட்டினேன். ஆனால் இன்னொரு ஊர் தொடங்கலாமா என்று கேட்டபோது வேண்டாமென்றான். கடைவீதிக்கு அவன் இறங்கவே நெடுங்காலம் ஆனது. கொழும்புக்கு மறுபடியும் போகவேயில்லை.

இப்போது அந்த விளையாட்டும் இல்லை, நடத்தியவர்கள் மூடிவிட்டார்கள். நவ்சாத் நானா காலமாகிவிட்டார், அவர் கடை இருந்த இடத்தில் செருப்புக் கடை நடக்கிறது. அப்பா பால் வெட்டிய மலையில் பாதியை அழித்து முள்ளுத்தேங்காய் என்கிற எண்ணெய்ப்பனை நட்டிருக்கிறார்கள், எங்கள் லயத்திலும் சில காம்பராக்களே மிச்சம். நான் ரம்புக்கனைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறேன். அண்ணன் யட்டியாந்தோட்டையில் மரக்கறிக் கடை வைத்து, கலியாணம் கட்டி, ஒரு மகளோடு நன்றாகவே இருக்கிறான்.

போன லீவுக்கு அவன் வீட்டுக்குப் போயிருந்தேன். துவாயைத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் பின்னாலுள்ள பீலிக்குக் குளிக்கப் புறப்பட்டவன், அலுமாரியைத் திறந்து அடையாள அட்டையை எடுத்து ஒரு ஷொப்பிங் பையில் சுற்றிக்கொண்டான்.

"குளிக்கிறதுக்கு எதுக்குப்பா ஐடென்டி?" என்று மகள் சிரித்தாள்.

"சும்மா, பழக்கம்" என்றான் அண்ணன். பீலிக்கரையில் தண்ணீர் தெறிக்காத கல்லாகப் பார்த்து, கை எட்டும் தூரத்தில் அதை வைத்துவிட்டு, குளிக்கத் தொடங்கினான்.