அட்டையில் எழுதியிருந்த முதுகு

மார்லிஸ் டெப்பியை எனக்கு ஆறாம் வகுப்பிலிருந்து தெரியும். நான் பத்தாவதோடு நின்று தானிய லாரி ஓட்டப் போனேன். அவள் மேலே படித்து கைரோபிராக்டர் ஆனாள். எங்கள் ஊர்த் தபாலாபீசுக்குப் பக்கத்திலேயே கிளினிக் வைத்தாள். முதுகில் கை வைத்து ஒரு அமுக்கு, படக்கென்று நெட்டி முறியும், எழுந்து போக வேண்டியதுதான். அயோவா மாநிலத்தில் எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இது முடி வெட்டிக்கொள்கிற மாதிரி. மாதம் இரண்டு தரம் போவோம். வலி இருந்தாலும் போவோம், இல்லாவிட்டாலும் போவோம்.

பதினோரு வருஷம் அப்படிப் போன பிறகு ஒரு நாள் அவள் கையை எடுத்துவிட்டுக் கேட்டாள்.

"வெர்லின், நெஜத்தச் சொல்லு. உன் முதுகு தேவலையா?"

"இங்கேர்ந்து போறப்ப நல்லாத்தான் இருக்கு."

"மறுநாளு?"

"மறுநாளு மறுநாளுதான்."

தமாஷாகத்தான் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. அடுத்த மாதமே ஏதோ வகுப்பில் சேர்ந்துவிட்டாள். நெட்டி எடுப்பதோடு நிற்காமல், உடம்பைச் சோதித்து, பயிற்சி கொடுத்துத் தேற்றுகிற வைத்தியமாம். அதில் சிறப்பு நிபுணர் என்று ஒரு வாரியம் சான்றிதழ் கொடுக்குமாம். சனி, ஞாயிறு தவறாமல் இரண்டு மணி நேரம் கார் ஓட்டிப் போய்ப் படித்தாள். ஊரில் எல்லாரும் டாக்டர் என்றுதான் கூப்பிடுகிறோம், ஐம்பத்தோரு வயதில் இன்னொரு காகிதம் எதற்கு என்று எனக்குப் பிடிபடவில்லை. என் பேச்சால்தான் இது வந்ததோ என்று ஒரு உறுத்தலும் இருந்தது.

எழுத்துத் தேர்வில் தேறிவிட்டாள். செய்முறைத் தேர்வில் போன வருஷம் தவறிவிட்டாள். இந்த வருஷமும் தவறினால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். "இன்னொரு தரம் என்னால முடியாது. இதோட சரி," என்று என் மனைவி ஜோலீனிடம் சொல்லியிருக்கிறாள்.

அந்தத் தேர்வுக்கு நோயாளியாகப் படுக்க ஒரு ஆளைக் கூட்டிப்போக வேண்டும். என்னைக் கூப்பிட்டாள்.

மிசிசிப்பி ஆற்றங்கரையில் ஒரு கல்லூரிக் கூடம். சட்டைப் பையில் பேனா செருகிய ஒரு கிழவர்தான் தேர்வு எடுப்பவர். பெயர் ஆல்வர்சன். அவளை வெளியே நிறுத்திவிட்டு என் கையில் ஒரு அட்டையைக் கொடுத்தார்.

"அவங்க கேட்டா இதுல உள்ளபடி சொல்லணும். உங்க சொந்த வலிய இங்க இழுக்காதீங்க."

படித்துப் பார்த்தேன். முன்னால் குனிந்தால் வலி. உட்கார்ந்தால் வலி. நிமிர்ந்து நடந்தால் சுகம்.

என் முதுகு இதற்கு நேர் எதிர். லாரியில் உட்கார்ந்திருந்தால் சுகம், இறங்கி நிமிர்ந்தால் உயிர் போகும். அதை அவரிடம் சொல்லலாம் என்று வாயைத் திறப்பதற்குள் மார்லிஸை உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள்.

"குனி. வலிக்குதா?"

"வலிக்குது."

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். "பின்னால சாய். இப்ப?"

"இல்ல," என்றேன். சொல்லும்போதே இடுப்பில் கத்தி இறங்கியது.

அவள் கை என் முதுகில் நின்றது. இத்தனை வருஷம் பழகிய கை. காதால் கேட்டது ஒன்று, கையில் பட்டது ஒன்று. கையைத்தான் நம்பினாள். மல்லாக்கப் படுக்கச் சொல்லி, இரண்டு முழங்காலையும் நெஞ்சுக்கு இழுத்துப் பத்து தரம் பிடிக்க வைத்தாள். எனக்குச் சொர்க்கமாக இருந்தது. ஆல்வர்சன் ஏதோ கிறுக்கினார். அவர் முகம் நல்லபடியாக இல்லை.

"எழுந்து குனி. இப்ப எப்படி இருக்கு?"

இதற்கு அட்டையில் பதில் இல்லை. என் முதுகு தேவலை. ஆனால் அட்டையில் இருக்கிற ஆள் இப்படிச் சுருண்டு படுத்தால் அவனுக்கு வலி கூடத்தானே செய்யும்? தேவலை என்றால் அட்டைக்குப் பொய். மோசம் என்றால் மார்லிஸ் தொலைந்தாள். சொந்த வலியை இழுக்காதே என்று அந்தக் கிழவர் சொன்னதுதான் நினைவுக்கு வந்தது.

"மோசமாயிருக்கு," என்றேன்.

அவள் முகம் வெளுத்தது. பிறகு, "சரி. அப்ப நான் பாத்தது தப்பு. திரும்பிக் குப்புறப் படு," என்றாள். கையை ஊன்றி நெஞ்சை மட்டும் தூக்கச் சொன்னாள். பத்து தரம். ஒவ்வொன்றுக்கும் கண்ணில் பூச்சி பறந்தது.

"இப்ப?"

"நல்லா இருக்கு," என்றேன் பல்லைக் கடித்துக்கொண்டு.

ஆல்வர்சன் பேனாவை மூடினார்.

திரும்பும் வழியில், தேர்வைப் பற்றிக் கேட்காதே என்று சொல்லிவிட்டு அவள் ரேடியோவைப் போட்டாள். மறுநாளிலிருந்து ஒரு வாரம் ஜோலீன்தான் எனக்குக் காலுறை மாட்டிவிட்டாள்.

ஆறு வாரம் கழித்துக் கடிதம் வந்தது. தேறிவிட்டாள். கேள்விப்பட்டு ஓடினேன். அவள் கடிதத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"மோசம்னு சொன்னியே, நெஜமாவே மோசமா?"

"இல்ல. தேவலையாத்தான் இருந்துச்சு. அட்டைக்காகச் சொன்னேன்."

"ரெண்டாவது பயிற்சி?"

"செத்தேன்."

அவள் உடனே ஆல்வர்சனுக்குப் போன் போட்டு, நடந்ததை ஒன்றும் மறைக்காமல் சொன்னாள். சான்றிதழ் கைநழுவுகிறதே, வாயை மூடிக்கொண்டிருக்கக் கூடாதா என்று எனக்குப் பதறியது. மறுமுனையில் கிழவர் நிதானமாகப் பேசியது எனக்கும் கேட்டது.

"அந்தாளு முதுகு எங்களுக்கு வேண்டாம், டாக்டர். தப்பான பயிற்சி குடுத்தீங்க, அதுக்கு மார்க் குறைச்சாச்சு. மோசம்னு அவர் சொன்னதும் உங்க கைய விட்டுட்டு அவர் பேச்ச எடுத்துக்கிட்டீங்க பாருங்க, அதுக்குத்தான் தேறினீங்க."

போனை வைத்துவிட்டு அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"புரிஞ்சுதா?" என்றாள்.

"இல்ல. நீ முதல்ல பண்ணது எனக்குச் சரி. ரெண்டாவது பண்ணது அட்டைக்குச் சரி. நான் பொய் சொன்னதால நீ நிபுணர் ஆயிட்ட. இதுல எனக்கு என்ன புரியணும்?"

"எனக்கே முழுசாப் புரியல, போ," என்றாள். புதுத் தாள் ஒன்றை எடுத்து என் பெயரை மேலே எழுதினாள். "உக்காரு. இப்ப உன் முதுகச் சொல்லு. எப்ப வலிக்குது?"

இத்தனை வருஷத்தில் இதை அவள் கேட்டதே இல்லை. "லாரிய விட்டு எறங்கி நிமிர்றப்ப," என்று ஆரம்பித்தேன்.