சூரியனை மறைத்த என் தலை

ஸ்ரீவில்லிபுத்தூர் பேருந்து நிலையத்தில் கொய்யாப்பழம் விற்ற அந்த மனிதர், பழம் நிறுக்கும்போதும் வானத்தையே பார்ப்பார். எனக்கு ராஜபாளையம் மில்லில் மதிய ஷிப்ட். பிந்தினால் உள்ளே விடமாட்டார்கள். அன்று பஸ் ஏறப் போனவனை அவர் தோளைப் பிடித்து நிறுத்தினார்.

“அண்ணாச்சி, செத்த அசையாம நில்லுங்க. சூரியனச் சுத்தி வட்டம் போட்டிருக்கு. கண்ணு கூசுது. உங்க தலையால மறைச்சுப் பாக்கேன்.”

என் தலை பெரியது, வழுக்கை வேறு. மறுக்கக் கூச்சமாக இருந்தது. அவர் என் காலடியில் குந்தினார். பூக்காரம்மாவும் வந்து குந்தி, “வானவில்லுல்ல இது!” என்றார்.

“வானவில்லு வெயிலுக்கு எதுத்தாப்ல வரும்மா. இது மேகத்துல ஐஸ் கெடந்தா வாரது.”

பஸ் உறுமியது. “பஸ் போகுது,” என்று முனகினேன்.

“தலைய ஆட்டாதீங்க!” என்று காலடியில் நாலைந்து பேர் அதட்டினார்கள்.

“என்னய்யா கூட்டம்?” என்று இறங்கி வந்த கண்டக்டரும் குந்திவிட்டார். டிரைவரையும் கூப்பிட்டார்.

எல்லாரும் பார்த்த பிறகே பஸ் கிளம்பியது. இனி ஷிப்ட் கிடைக்காது. கொய்யாக்காரர் ஜன்னலோரம் ஓடிவந்தார்.

“நாளைக்கும் வருவீயளா, அண்ணாச்சி?”

என் தலைக்காகத்தான் கேட்டார் என்று தெரியும். இருந்தாலும், என்னை மறுநாளும் வரச்சொல்லிக் கேட்டவர் அவர் ஒருவர்தான்.