கெவினின் பின்புறம் வெள்ளையாகத்தான் இருந்தது

டெஸ்லி பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவள். அதன் பிறகு, அடிபட்ட கோவாலா எதுவானாலும் எங்கள் ஊர்க்காரர்கள் அவள் வீட்டில்தான் கொண்டுவந்து விடுவார்கள். கண்டெடுத்தவர் வைக்கிற பெயர்தான் அதற்கு நிலைக்கும். சாலையில் செத்துக் கிடந்த தாயின் பைக்குள்ளிருந்து ஒரு குட்டியை எடுத்துவந்த லாரி டிரைவர், ஆணா பெண்ணா என்றுகூடப் பார்க்காமல் கெவின் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். கெவின் பெண்.

டெஸ்லி அவளைப் புட்டிப்பால் கொடுத்து வளர்த்து, என் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் யூகலிப்டஸ் காட்டில் விட்டாள்.

இங்கே கோவாலாக்களைச் சீரழிப்பது கிளமிடியா என்கிற பாழாய்ப்போன கிருமி. இணை சேரும்போது தொற்றும். கண்ணில் சீழ் பிடிக்கும், சிறுநீர் கசிந்து பின்புறத்து வெள்ளை முடி பழுப்பேறும். அதனால் பைனாகுலரை எடுத்தால் நாங்கள் முதலில் பார்ப்பது பின்புறத்தைத்தான். அது வெள்ளையாக இருந்தால் தொந்தரவு செய்யாமல் வந்துவிடுவோம்.

வசந்தம்தோறும் டெஸ்லி என் வேலியோரம் வந்து நிற்பாள்.

"வெள்ளை வெளேர்னு இருக்கா மர்வ், பாரேன்!"

"பின்னாடி சரி. முதுகுல குட்டி எங்க? பேரப்பிள்ளை பாக்க உனக்குக் குடுப்பினை இல்ல போல."

"வாயக் கழுவு. கண்டவனையும் கட்டிக்க அவ என்ன உன் தங்கச்சியா?"

இரண்டு பேரும் சிரிப்போம். மடையர்கள். வெளியே எதுவும் தெரியாமலே அந்த நோய் உள்ளே போய்க் கருப்பையைக் கெடுக்கும் என்று எங்களுக்குத் தெரியாதா என்ன? வெள்ளை முடியைப் பார்த்த சந்தோஷத்தில் அது மனதில் நிற்கவில்லை.

இந்த வருடம் கெவின் மரத்தில் ஏற முடியாமல் அடியிலேயே உட்கார்ந்திருந்தாள். டெஸ்லி அவளைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டாள். நான் வண்டியை ஓட்டினேன்.

விலங்கு மருத்துவமனையில் மயக்க மருந்து கொடுத்து ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டர் அன்னெகா வெளியே வந்தாள்.

"கருப்பைக்கு ரெண்டு பக்கமும் நீர்க்கட்டி, டெஸ்லி. ஆரஞ்சுப் பழம் அளவு இருக்கு. ரொம்ப நாளாவே இருந்திருக்கணும். சிறுநீரகமும் போயிடுச்சு. இனிமே மருந்து கேக்காது."

டெஸ்லி வெறும் துண்டை மடித்துக்கொண்டிருந்தாள்.

"மயக்கத்துலயே முடிச்சிடலாம். இல்ல, கடைசியா ஒரு தடவை பாக்கணும்னா கொஞ்ச நேரம் எழுப்பறேன்."

எழுப்பு என்றுதான் சொல்வாள் என்று நினைத்தேன். நானாக இருந்தால் அப்படித்தான் சொல்லியிருப்பேன்.

"வேண்டாம்மா," என்றாள் டெஸ்லி. "முழிச்சா என்னைப் பாத்து ரெண்டு கையையும் நீட்டுவா. வீட்டுக்குத் தூக்கிட்டுப் போக வந்திருக்கேன்னு நெனச்சுக்குவா."