முதல் எழுத்தை விழுங்கிய பிரிண்டர்

அறுபதுகளின் கடைசியில் நான் கடலூரில் குடியிருந்துகொண்டு சிதம்பரத்தில் ஒரு கல்லூரியின் கம்ப்யூட்டர் அறையில் வேலை பார்த்தேன். அந்த அறையின் விதிகளில் பாதியை எழுதியவன் நான். மீதிப் பாதியை மேலதிகாரி எழுதினார், அதனால் அது யாருக்கும் புரியவில்லை.

அப்போது புரோகிராம் என்றால் துளையிட்ட அட்டைகளின் கட்டு. ஆராய்ச்சி மாணவர்கள் அதிலேயே கருவியின் எண்ணைக் குறிப்பிட்டு, கம்ப்யூட்டரோடு இணைத்திருந்த டைப்ரைட்டருக்கு நேராக உத்தரவு போடுவார்கள். கருவி மாறினால் அத்தனை அட்டைகளையும் திருத்த வேண்டும். எனக்கு இது பொறுக்கவில்லை. ஒரு லைப்ரரி எழுதினேன். அதுவும் ஓர் அட்டைக் கட்டுதான். புரோகிராம் 'ஒரு வரி எழுது' என்று லைப்ரரியிடம் சொன்னால் போதும். எந்தக் கருவி, அதை எப்படிக் கூப்பிடுவது என்பதெல்லாம் லைப்ரரியின் கவலை. கருவி மாறினால் லைப்ரரியில் நாலைந்து அட்டைகள் மாறும், புரோகிராமை யாரும் தொட வேண்டாம். வேறு ஊரில் வேறு கம்ப்யூட்டர் இருந்தாலும் பையில் போட்டு எடுத்துப் போகலாம்.

யாரும் எடுத்துப் போகவில்லை. பரங்கிப்பேட்டையிலிருந்து வந்து இறாலைப் பற்றி, அவன் பேச்சில் எறாவைப் பற்றி, ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த என் நண்பன்கூட மறுத்துவிட்டான்.

"நடுவுல புரோக்கர் எதுக்கு மச்சான்? மிஷின்கிட்ட நானே பேசிக்கிறேன்."

அவன் பேசிக்கொண்டிருந்த டைப்ரைட்டர் ஒரு நாள் நின்றது. பழுது பார்க்க மதராசுக்குப் போனது, திரும்பவில்லை. அந்த இடத்தில் வரி வரியாக அடிக்கும் பெரிய பிரிண்டர் வந்தது. அவன் புரோகிராம் ஊமையாகிவிட்டது. ஆய்வேட்டைக் கொடுக்கக் கடைசி நாளுக்கு இன்னும் பத்து நாள். அந்த வருஷம் முடிக்காவிட்டால் பினாங்கில் மாமாவின் கடைக்குப் போய் உட்கார வேண்டும் என்று அவன் வாப்பா தீர்மானமாகச் சொல்லியிருந்தார். அவன் என் மேசைக்கு வந்து கையை நீட்டினான். புரோக்கர் என்ற வார்த்தையை எடுக்காமல் லைப்ரரியைக் கொடுத்தேன். அவ்வளவு நாகரிகம் எனக்கும் உண்டு.

புரோகிராமை மாற்றி எழுத அவனுக்கு ஒன்பது நாளும் ஆனது. மறுநாள் காலை பத்து மணிக்கு ஆய்வேட்டைக் கொடுக்க வேண்டும். கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் ஒரு பைண்டர், ஏழு மணிக்குள் தாள் வந்தால் காலைக்குள் தைத்துத் தருவதாக ஒப்புக்கொண்டிருந்தார். அதற்கு நாங்கள் ஐந்தேகால் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். மூன்றரைக்கு எங்கள் முறை வந்தது. அட்டைகள் உள்ளே போயின, பிரிண்டர் இரைந்தது. நான் ஜன்னலுக்கும் கடிகாரத்துக்கும் நடந்துகொண்டிருந்தேன்.

திடீரென்று தாள் பக்கம் பக்கமாகப் பாயத் தொடங்கியது. ஒரு பக்கத்துக்கு ஒரு வரி, அடுத்த பக்கத்தில் இன்னொரு வரி. ஆபரேட்டர் எழுந்து வந்தார்.

"சார், இன்னா இது, பேப்பர் ஜாஸ்தி போவுது."

நண்பன் ஒரு தாளைப் பிடித்துப் பார்த்தான். "மச்சான், பன்னண்டாம் எடத்துல புடிச்ச எறாவெல்லாம் ரெண்டாம் எடத்துக்குப் போயிருக்கு. எறா நீந்தும்தான், அதுக்குன்னு இப்படியா?"

எனக்கு உடனே புரிந்தது. அந்தப் பிரிண்டர் ஒவ்வொரு வரியின் முதல் எழுத்தையும் அச்சிடாது, அதைக் கட்டளையாக எடுத்துக்கொள்ளும். அந்த எழுத்து 1 என்றால் புதுப் பக்கத்துக்குப் போகும். நண்பனின் வரிகள் எறா பிடித்த இடத்தின் எண்ணோடு தொடங்கின, அதனால் 12-இல் ஒன்றை விழுங்கிவிட்டு, புதுப் பக்கத்தில் இரண்டை மட்டும் அடித்தது. டைப்ரைட்டருக்கு அந்த வழக்கம் கிடையாது. கையேட்டில் அந்தப் பக்கத்தை நானே சிவப்பு மையில் கோடிட்டு, சுருக்கம் எழுதிச் சுவரில் ஒட்டியிருந்தேன். ஆனால் லைப்ரரியைச் சோதித்தபோது, பள்ளிக்கூடத்துக் கட்டுரை மாதிரி, ஒவ்வொரு வரியையும் இரண்டு எழுத்து தள்ளியே தொடங்கியிருந்தேன். முதல் இடம் எப்போதும் வெறுமை. விழுங்க ஒன்றும் இல்லாததால் பிரிண்டர் சாதுவாக இருந்தது.

"உன் புரோக்கர் கமிஷன் எடுத்துட்டான்," என்றான் நண்பன். அவன் முகத்தில் சிரிப்பு இல்லை.

நேராகப் பேசும் பழைய புரோகிராமாக இருந்தால் நூறு அட்டை திருத்த வேண்டியிருக்கும். இப்போது ஒரே அட்டை. வரி எந்த இடத்தில் தொடங்கும் என்று லைப்ரரியில் ஓர் அட்டை சொல்கிறது, அதில் உள்ள ஒன்று இரண்டாக வேண்டும். ஆனால் துளையிடும் அறை பூட்டியிருந்தது. அவசரத்துக்குத் திறக்க அதிகாரியின் கையெழுத்து வேண்டும், அதிகாரி கடலூரில் ஒரு கூட்டத்தில் இருந்தார்.

பென்சில் சீவ மேசையில் வைத்திருந்த ஷேவிங் பிளேடைப் பாதியாக ஒடித்தேன்.

"கையால வெட்டுன அட்டையை உள்ள விடக் கூடாதுன்னு ரூல் இருக்கு சார்," என்றார் ஆபரேட்டர். "சிக்கிக்குமாம்."

"தெரியும். எழுதினது நான்தான்."

"அதான் கேக்குறேன்."

அட்டையில் ஒவ்வோர் இலக்கத்துக்கும் துளை விழ ஓர் இடம் உண்டு, ஒன்றுக்கு நேர் கீழே இரண்டு. இரண்டின் இடத்தில் சின்னச் செவ்வகமாக வெட்டி, வெட்டிய துணுக்கையே ஒன்றின் துளையில் கோந்து தொட்டு அடைத்தேன். கோந்து காய வேண்டும். நண்பன் அட்டையைப் பிடித்து ஊதினான், நான் விசிறினேன், மணி நாலேமுக்கால். ஆபரேட்டர் அட்டையை வாங்கி விரலால் தடவிப் பார்த்தார்.

"சிக்கிச்சின்னா நான் வெளியே டீ குடிக்கப் போயிருந்தேன்," என்று சொல்லிவிட்டு அட்டைக் கட்டுக்குள் செருகினார்.

அட்டைகள் ஓடின. நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது பன்னிரண்டாம் இடம் பன்னிரண்டாம் இடமாகவே அச்சாகிக்கொண்டிருந்தது. கடைசி அட்டவணையைக் கிழித்துக்கொண்டு ஓடினோம். பஸ்ஸில் இடம் இல்லை. அவன் கம்பியில் முழங்கையைக் கோத்துக்கொண்டு, ஒவ்வோர் எண்ணையும் தன் நோட்டோடு ஒப்பிட்டுக்கொண்டே வந்தான். நான் தாள் பறக்காமல் பிடித்துக்கொண்டேன். தப்பு ஒன்றுமில்லை. அதை அவன் சொல்லவில்லை, ஆலப்பாக்கம் தாண்டியதும் நோட்டை மூடினான், அவ்வளவுதான். ஏழுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது பைண்டர் தாளை வாங்கிக்கொண்டார்.

மறுநாள் காலை அவன் ஆய்வேட்டைக் கொடுத்தான். பினாங்குக் கடைக்கு அவன் தம்பி போனான்.

அதே காலையில் யாரோ அந்த லைப்ரரிக் கட்டை மறுபடி ஓட்ட, கோந்து விட்டுப்போய் அட்டை சிக்கியது. கையால் வெட்டியது ஏன் என்று என்னிடம் விளக்கம் கேட்டு ஒரு மெமோ கொடுக்க அதிகாரி முடிவு செய்தார். அறையில் மெமோவை முறையாக எழுதத் தெரிந்தவன் ஒருவன்தான் என்பதால் என்னையே கூப்பிட்டார். எழுதினேன். கடுமையான மெமோ அது, விதி எண்ணோடு. பதிலையும் அன்றைக்கே எழுதிவிட்டேன். பதில்தான் சற்று சுமாராக அமைந்தது.