அவித்த மாவுக்கு வட்டம் விழாது

மரவள்ளிக்கிழங்கைத் துருவிப் பிழிந்த தண்ணீர் அடங்கும்போது ஒரு புளித்த மணம் வரும்...

மேல்தண்ணீரை மெல்லச் சரித்து ஊற்றினால் சட்டியின் அடியில் வெள்ளை வெளேரென்று மா. காய்ந்த பிறகு இரண்டு விரலுக்கிடையில் வைத்து அழுத்தினால் புதுச்செருப்புப் போலக் கிறீச்சிடும்.

அறுபதுகளின் நடுப்பகுதி. யாழ்ப்பாணத்திலிருந்து கிளிநொச்சிக்கு வந்து காடு வெட்டிக் குடியேறிய குடும்பம் எங்களுடையது. வந்ததோடு என் படிப்பு ஏழாம் வகுப்பில் நின்றது. பள்ளிக்கூடம் தூரம், தம்பிமார் சிறியவர்கள், வயலுக்கு ஆள் வேண்டும்... யாரையும் குறை சொல்லமாட்டேன்.

ஆனால் வதனி படித்தாள். மாமாவின் மகள், என் வயதுதான். ஏழாம் வகுப்பு வரை ஒரே வாங்கில் இருந்தோம். கணக்கில் என்னைப் பார்த்து எழுதியவள்! அப்போது கொழும்பில், யூனிவர்சிற்றியில் சயன்ஸ். லீவுக்கு யாழ்ப்பாணம் போகும் வழியில் ரயிலை விட்டு இறங்கி இரண்டு நாள் எங்களோடு நிற்பாள். அவள் கையில் மணிக்கூடு. என் கையில் மரவள்ளிப் பால் கறை.

ஒருமுறை என் மாவைக் கிள்ளிப் பார்த்தாள்.

"மச்சாள், இதில கொஞ்சம் தாவன். எங்கட லாப்பில மாவை எக்ஸ்ரே எடுத்துப் பாக்கிறனாங்கள்."

அப்போதெல்லாம் எக்ஸ்ரே என்றால் சயரோகம்தான். அம்மா குசினியிலிருந்து ஓடிவந்தார். "ஆருக்குப் பிள்ளை நெஞ்சில வருத்தம்?"

"மாவுக்கு, மாமி."

"மாவுக்குச் சயரோகமாம்!" கதிரையில் இருந்த அப்பா விழுந்து விழுந்து சிரித்தார்.

வதனி விளக்கினாள். மாவின் மணி ஒவ்வொன்றும் வெறும் தூள் இல்லையாம். உள்ளே கற்கண்டு மாதிரி ஒழுங்கான அடுக்கு இருக்குமாம். எக்ஸ்ரே அதில் பட்டுச் சிதறினால் பிலிமில் வட்டம் வட்டமாக விழுமாம். அரிசி மாவுக்கு ஒரு விதமாம், உருளைக்கிழங்கு மாவுக்கு வேறு விதமாம்.

எனக்கு வயிறு எரிந்தது. துருவிப் பிழிகிறவள் நான்... உள்ளே இருப்பதைப் பார்க்கிறவள் அவள்.

ஆனாலும் என் மாவின் வட்டத்தை ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்று ஆசை பிடித்துக்கொண்டது. வாய்விட்டுச் சொல்ல வெட்கம். அவள் கொழும்புக்குத் திரும்பும் நாளுக்காகப் புதிதாகப் பிழிந்து காயவைத்தேன். நான் வயலில் நின்ற நேரம் அம்மா அதைப் போத்தலில் அடைத்து வைத்திருந்தார். ஸ்டேசனுக்குக் கொண்டுபோய் ரயில் ஜன்னலால் கொடுத்தேன்.

அடுத்த லீவுக்கு இரண்டு பிலிம் கொண்டுவந்தாள். ஒன்றை வெளிச்சத்தில் பிடித்தேன். நிலவு கோட்டை கட்டியதுபோல வட்டத்துக்குள் வட்டம்... என் மாவா இது!

"அது என்னோட படிக்கிற பிள்ளையின்ர உருளைக்கிழங்கு மா. மற்றதுதான் உன்ர."

மற்றதில் புகை படிந்தது போல ஒரு மங்கல். அவ்வளவுதான்.

"வட்டம் எங்க?"

"அடுக்குக் குலைஞ்சு போச்சு மச்சாள். ஈரமும் சூடும் சேர்ந்தால் அப்பிடித்தான். அவிச்சனியோ?"

"இல்லை!"

"நான்தான் அவிச்சனான்," என்றார் அம்மா. "ஈரமும் முழுக்கக் காயேல்லை. பச்சை மாவை ஆரும் பிள்ளையிட்டக் குடுத்து விடுவினமே? படம் எடுத்திட்டு எறியவே போறியள், புட்டுத்தானே அவிப்பியள்! அதுதான் அவிச்சு, காயவைச்சு, இடிச்சு, அரிச்சுத் தந்தனான்."

எங்கள் வீடுகளில் மா என்றால் அவித்த மாதான். அம்மா செய்தது மரியாதை.

வதனி கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"இன்னொருக்கா எடுக்கேலாதோ?" கேட்டே விட்டேன்.

"அது முடிஞ்சுது மச்சாள். இப்ப வேற பாடம். இந்தா, உன்ர படத்தை நீயே வைச்சிரு."

வட்டம் விழுந்ததை அவள் கொண்டுபோனாள். மங்கல் எனக்கு.

அதைப் பல காலம் அலுமாரியில் வைத்திருந்தேன். பிறகு இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து எங்கே விட்டேனோ...

இப்போது அவித்த மா கடையிலேயே பைக்கற்றில் கிடைக்கிறது. எக்ஸ்ரே என்றால் யாரும் பயப்படுவதில்லை. போன மாதம் என் முழங்காலுக்கும் எடுத்தார்கள். வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தேன். "என்னம்மா தேடுறீங்கள்?" என்றார் டாக்டர். சொல்ல வெட்கமாக இருந்தது.

அன்றிரவு வதனியிடமிருந்து போன் வந்தது. "அந்த மாப் படம் ஞாபகமிருக்கோ?" என்று கேட்டேன்.

"எந்தப் படம் மச்சாள்?"

மறந்துபோவதற்கும் அவள்தான் கொடுத்துவைத்தவள்.