பாங்கு கேட்கும் வரை

செஞ்சியில் நானும் அவளும் சேர்ந்து தையல் கடை வைத்திருக்கிறோம். நான் தமிழ்ச் சமணக் குடும்பத்துப் பெண். அவள் வீட்டில் உருது பேசும் முஸ்லிம். ஜெயின் என்றதும் என்னைச் சேட்டு வீட்டுப் பெண் என்று முடிவுகட்டி இந்தியில் பேச ஆரம்பிப்பவர்கள் உண்டு. எனக்கு எரிச்சலாக வரும். இந்தியில் எனக்கு ஒரு வார்த்தை தெரியாது. அவள்தான் சிரித்துக்கொண்டே பதில் சொல்வாள்.

பொழுது சாய்ந்துவிட்டால் எங்கள் குடும்பத்தில் யாரும் சாப்பிட மாட்டோம். ஆனால் கடையிலிருந்து பார்த்தால் சூரியன் சீக்கிரமே கோட்டை மலைக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். நிஜமாக எப்போது விழுகிறது என்று தெரியாது. அதனால் பள்ளிவாசல் பாங்குதான் எனக்குக் கடிகாரம். ரம்ஜான் மாதத்தில் பாங்கு கேட்டதும் நான் டிபன் பாக்ஸை மூடுவேன். அவள் நோன்பு திறக்கப் பேரீச்சம்பழத்தை எடுப்பாள்.

போன ரம்ஜானில் ஒருநாள் கரண்ட் போய், பள்ளிவாசல் மைக் வேலை செய்யவில்லை. நான் பாட்டுக்கு இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அவள் கையில் பழத்தோடு என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாடி அப்படிப் பாக்குற?" என்றேன்.

"பாங்கு இன்னும் கேக்கலயே" என்றபடி போனை எடுத்து மணி பார்த்தவள் அலறினாள்.

"அடியே, நேரமாயி அஞ்சு நிமிஷம் ஆவுது! மொதல்ல நீ வாய மூடு, நான் தொறக்கணும்!"